பாலையா பயப்படும் அழகு

சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. அந்தப் படக் கம்பெனியின் 'மனோன்மணி'யில் (1942) நடித்த டி.எஸ்.பாலையா, அப்போதெல்லாம் ஜனங்கள் கரித்துக்கொட்டிய வில்லன். 1964இல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் அதே அதட்டலோடும் அதே முறைப்போடும் வந்தார். தியேட்டர் சிரித்தது.

சேலம், நாமக்கல் பக்கம் லீவுக்கு அப்புச்சி வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும்போது டிவியில் இந்தப் படம் வந்துவிட்டால், சேனலை மாற்ற யாரும் விடமாட்டார்கள். படமும் அப்படி ஒரு வீட்டைப் பற்றியதுதானே. சென்னையிலிருந்து பாலையாவின் மகள்கள் இருவரும் சின்னமலை எஸ்டேட்டுக்குத் திரும்புகிறார்கள். பின்னாலேயே காதலர்கள், பொய் அப்பா, நிஜ அப்பா என்று வரிசையாக ஆட்கள் வந்து சேர, வீடு தாங்காது. பொள்ளாச்சி பக்கம் ஆழியாறில், வின்சென்ட்டின் கேமரா ஈஸ்ட்மென் கலரில் அள்ளிய பச்சை இன்றும் கண்ணுக்குக் குளிர்ச்சி. விஸ்வநாதன்-ராமமூர்த்தி பாட்டுகளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தப் பேய்க்கதைக் காட்சியை. படம் எடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பாவாக நாகேஷ், அப்பாவுக்குக் கதை சொல்கிறார். பேயும் இல்லை, காடும் இல்லை. ஓர் அறை, இரண்டு பேர். கதவு கிரீச்சிடுவதும் காலடி நெருங்குவதும் நாகேஷின் வாயிலிருந்தே வருகின்றன. எல்லாரும் நாகேஷைப் புகழ்கிறார்கள், புகழட்டும். ஆனால் பாலையாவைப் பாருங்கள். முதலில் அலட்சியம். பிறகு கண் மெல்ல விரிகிறது, அந்தப் பெரிய உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்குகிறது. சிரிக்க வைக்கிறோம் என்ற நினைப்பே அந்த முகத்தில் கிடையாது. நிஜமாகவே பயப்படுகிறார். அவர் பயந்ததால்தான் நாகேஷ் சொன்னது பேய்க்கதை ஆயிற்று.

இந்தியில் 'ப்யார் கியே ஜா' (1966) என்று எடுத்தபோது இதே இடத்தில் மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் நடித்தார்கள். மெஹ்மூதுக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் ஓம் பிரகாஷின் முகம் முதலிலிருந்தே சாது. ஊரை அதட்டிய ஒருவர் நடுங்குவதைப் பார்க்கும் சுகம் அதில் இல்லை.

சித்ராலயா கோபுவோடு சேர்ந்து ஸ்ரீதர் அமைத்த காட்சிகளில் இன்னொன்று, பாலையா பணத்தின் முன்னால் குழைவது. தான் வேலையை விட்டுத் துரத்திய அசோக், அந்தக் காதலர்களில் ஒருவன், பெரிய இடத்துப் பிள்ளை என்று கேட்டதும், 'மகன்' அவர் வாயில் மரியாதையோடு 'மகர்' ஆகிவிடுகிறான். எதிரே உட்கார்ந்திருக்கும் கோடீஸ்வர அப்பா, நரைத்த தாடி வைத்த முத்துராமன். அந்த வேஷம் குழந்தைக்குக்கூடத் தெரியும். பாலையாவுக்குத் தெரியவில்லை என்பதை நாம் ஒரு நொடிகூடச் சந்தேகிப்பதில்லை; பணக்காரர் என்று காதில் விழுந்த பிறகு அவர் தாடியைப் பார்க்கவே இல்லை.