காத்திர சாரீரம்

பெண்ணின் சாரீரம் என்றால் அது தேனாக இனித்து மேல் ஸ்தாயியிலேயே சஞ்சரிக்க வேண்டும் என்று நம் சினிமா சங்கீதம் வெகுகாலமாக விதித்து வைத்திருந்த சட்டத்தை, யாரோடும் வாதம் செய்யாமல், பாடியே செல்லாததாக்கியவர் உஷா உதூப். 1947-இல் பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில், போலீஸ் அதிகாரியின் மகளாகப் பிறந்த அவரை, குரல் மற்றக் குழந்தைகளின் குரலோடு ஒட்டவில்லை என்று பள்ளிக்கூடத்துச் சங்கீத வகுப்பிலிருந்து விலக்கிவிட்டார்கள். ஆனால் சிறுமியாக இருக்கும்போதே அவர் ரேடியோ சிலோனில் பாடியாயிற்று; வகுப்பறைக்கு ஆகாத குரல் ஒலிபெருக்கிக்கு ஆயிற்று.

அந்தக் குரல் எங்கள் கோலார் தங்கவயலுக்கு அத்தனை சுலபமாகப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பேச்சில் புழங்கும். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்தவர்களின் லைன் வீடுகளில் பறையும் பஜனையும் கேட்டுக்கொண்டிருக்க, சற்றுத் தள்ளி ஆங்கிலோ-இந்தியர்களின் கிறிஸ்துமஸ் நடனத்துக்குக் கிட்டார் சுருதி கூட்டுவார்கள். ஆகையால் நெற்றியில் பெரிய பொட்டும் தலையில் பூவும் காஞ்சிபுரம் பட்டுமாக ஒரு மாது ஆங்கிலப் பாட்டைத் தன் வீட்டுப் பாட்டைப்போல் பாடியது, மற்ற ஊர்களுக்கு விநோதமாக இருந்திருக்கலாம், எங்களுக்கு இல்லை.

அந்தக் கோலத்திலேயேதான் அவர் முதலில் சென்னை மவுண்ட் ரோட்டில், சபையர் தியேட்டர் வளாகத்தைச் சேர்ந்த ‘நைன் ஜெம்ஸ்’ இரவு விடுதியில் பாடினார். 1969-இல் கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் ‘ட்ரிங்காஸ்’ அவரை அழைத்துக்கொண்டது. பிற்பாடு அதே கல்கத்தாவில் ஒரு மந்திரி இவருடைய பாட்டைக் கலாசாரச் சீர்கேடு என்று கண்டித்ததும், விவகாரம் கோர்ட்டுக்குப் போய் உஷாவே ஜயித்ததும் தனிக் கதை. எனக்கு அதைவிட அவருடைய தொண்டைதான் முக்கியம்.

டிஸ்கோ என்பது நிமிஷத்துக்குச் சுமார் 120 அடி வீதம், ஒவ்வோர் அடியிலும் பெரிய டிரம் விழ, நடுவிடங்களை ஹை-ஹாட் தாளத்தட்டு நிரப்ப, மூச்சு வாங்க இடமில்லாமல் ஓடும் யந்திர லயம். கல்லரைக்கும் ஆலையருகே நின்று பேசுகிறவன் கூச்சலிடாமல், இரைச்சலுக்கு அடியில் குரலை இறக்கிக் காரியத்தை முடித்துக்கொள்வதுபோல, உஷாவும் அந்த லயத்தை மேலேறி வெல்லப் பார்ப்பதில்லை. மந்திர ஸ்தாயியில் கால் ஊன்றி நிற்கிறார். ‘அர்மான்’ (1981) படத்து ‘ரம்பா ஹோ’வில் அந்த ‘ஹோ’வைக் கவனிக்க வேண்டும். நெஞ்சிலிருந்து கிளம்பி, சிறிது கரகரத்து, கடைசியில் மூச்சாகவே கரைகிற அந்த ஒற்றை எழுத்தில் அழைப்பும் பரிகாசமும் கலந்திருக்கின்றன. மெல்லிய குரல் அவ்விடத்தில் கொஞ்சியிருக்கும், இவரோ கட்டளையிடுகிறார்.

இசையமைத்தவர் பப்பி லஹிரி. அவர் பிறநாட்டு மெட்டுகளைத் தாராளமாக எடுத்தாண்டவர் என்பதை மறைப்பானேன்? ‘பியாரா துஷ்மன்’ (1980) படத்தின் ‘ஹரி ஓம் ஹரி’, நீல் செடாகா 1959-இல் பாடி, பின்பு லண்டன் ‘எரப்ஷன்’ குழு டிஸ்கோவாக்கிய ‘ஒன் வே டிக்கெட்’டின் வாரிசு, ‘டிஸ்கோ டான்ஸர்’ (1982) படத்தில் லஹிரியோடு சேர்ந்து உஷா பாடிய ‘கோயி யஹான் நாச்சே நாச்சே’வும் ‘பகிள்ஸ்’ குழுவுக்குக் கடன்பட்டதே. சொல்லும் மெட்டும் பிறருடையவையாக இருக்க, பாட்டு மட்டும் உஷாவுடையதாகிவிடுவதுதான் விசேஷம். மூலத்தைப் பல தடவை கேட்ட பிறகும் ‘ஹரி ஓம் ஹரி’ என்றதும் என் காதில் விழுவது இவருடைய சாரீரமேயன்றி, லண்டன் சாரீரம் அல்ல.

தமிழ்த் திரை இவரைப் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம். ‘மேல்நாட்டு மருமகள்’ (1975) படத்தில் தோன்றினார். ‘அஞ்சலி’யில் (1990) இளையராஜா ‘வேகம் வேகம்’ பாட்டைக் கொடுத்தார். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு பறக்கும் அந்தப் பாட்டில், கனத்த குரலுக்கும் குதூகலம் உண்டு என்பது வெளிப்பட்டுவிட்ட பிறகும் நம்மவர்கள் அதன்மேல் ஒரு வரிசை கட்டாமல் விட்டார்களே! ஹிந்தியிலோ 2011-இல், அறுபது வயதைக் கடந்த பிறகும், ‘ஸாத் கூன் மாஃப்’ படத்தில் ரேகா பரத்வாஜோடு ‘டார்லிங்’ பாடி இருவரும் ஃபிலிம்ஃபேர் விருது பெற்றார்கள். 2024-இல் பத்மபூஷணும் வந்தது.

புதிதாகக் கேட்கப் புகுகிறவர் ‘ரம்பா ஹோ’வின் கீர்த்தியைப் பார்த்து அதிலேயே தொடங்குவார்; நான் சொல்வது, ‘ஹரி ஓம் ஹரி’யை முதலில் கேளுங்கள், அதுவும் சின்னஞ்சிறு செல்போனில் அல்ல, அடிநாதம் அதிரக்கூடிய பெரிய ஸ்பீக்கரில்.