கூலியும் குருதிப் பணமும்: யில்மாஸ் கூனேயின் மூன்று திரைப்படங்கள்

யில்மாஸ் கூனே என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது, 1982-ஆம் ஆண்டுக் கான் திரைப்பட விழாவில் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்ட 'யோல்' என்னும் படமே. சிறைக்குள்ளிருந்து எழுதப்பட்டு, வேறொருவரால் இயக்கப்பட்டு, 1981-இல் சிறையினின்று தப்பிய கூனேயால் அயல்நாட்டில் தொகுத்து முடிக்கப்பட்ட அதன் வரலாறு, படத்தையே மறைத்துவிடும் அளவுக்குப் புகழ்பெற்றுவிட்டது. நாம் இங்கு அதனை விடுத்து, அதற்கு முந்திய மூன்று படங்களை ஆராய முற்படுகின்றோம். 'உமுத்' (1970), 'எந்திஷே' (1974), 'சூரூ' (1978) ஆகிய இவை, துருக்கியின் குர்து இன உழைப்பாளர் நிலத்தையும் மந்தையையும் இழந்து கூலிக்காரராக மாறிய வரலாற்றைத் தம்முள் கொண்டுள்ளன. பின்னிரண்டையும் இயக்கி முடித்தவர்கள் ஷெரிஃப் கோரெனும் ஸெகி ஒக்தெனும் ஆவர். அவ்விருவருக்கும் உரிய புகழ் கிட்டவில்லை என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும்.

கூனே 1937-இல் அதானா நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில், கிழக்கிலிருந்து குடிபெயர்ந்த குர்துப் பெற்றோருக்குப் பிறந்தார். சுக்குரோவா எனப்படும் அந்தச் சமவெளி துருக்கியின் பருத்தி நிலம். இளமையில் அவ்வயல்களில் வேலை செய்தவர் என்பதனால், உழைப்பின் களைப்பை அவர் வெளியிலிருந்து பார்த்து எழுதவில்லை.

'உமுத்' என்னும் சொல்லுக்கு எதிர்நோக்கு என்பது பொருள். (நம் தமிழில் விசுவாசத்துக்கும் எதிர்நோக்குக்கும் நம்பிக்கை என்ற ஒரே சொல்லைப் புழங்குவதால் வரும் குழப்பம் துருக்கியில் இல்லை.) ஜப்பார் அதானாவில் குதிரை வண்டி ஓட்டிப் பிழைப்பவன், அந்தப் பாத்திரத்தில் கூனேயே நடித்தார். அவனுடைய குதிரையொன்று மோட்டார் வண்டி மோதி இறக்கிறது. சட்டம் மோட்டார்க்காரன் பக்கம் நிற்கிறது. கடன்காரர் நெருக்குகின்றனர், பரிசுச்சீட்டு விழுவதில்லை. இறுதியில் ஒரு ஹோஜா ஓதிக் காட்டும் இடத்தில் புதையல் தேடித் தோண்டுகிறான். கண்களைத் துணியால் கட்டிக்கொண்டு, தோண்டிய குழியருகே அவன் சுழன்றுகொண்டிருக்கப் படம் முடிகிறது. துருக்கியின் தணிக்கைக் குழு இதனைத் தடை செய்தது.

மூடநம்பிக்கைக்கு எதிரான அருளுரைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு எனத் திருப்பணியாளர் சிலருக்குத் தோன்றலாம். அவ்வாறு பயன்படுத்துவது படத்துக்குச் செய்யும் அநீதியாகும். ஜப்பார் பேராசைக்காரனல்லன், உழைத்துப் பிழைக்கும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்ட பின்னரே அவன் ஹோஜாவை நாடுகிறான். காவல் நிலையத்தில் நீதி கிடைத்திருப்பின் அவன் அந்தக் குழியைத் தோண்டியிருக்க மாட்டான்.

'எந்திஷே' என்றால் கவலை. இப்படத்தின் தொடக்கக் கட்டத்திலேயே, 1974 செப்டம்பரில், படப்பிடிப்புக்காகச் சென்றிருந்த ஊரில் ஒரு நீதிபதி சுட்டுக் கொல்லப்பட்டார். அக்குற்றத்துக்காகக் கூனே 19 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். போற்றுவோர் இதனை ஓரிரு சொற்களில் கடந்துவிடுகின்றனர். உழைப்பவனின் உயிருக்கு மதிப்புக் கேட்கும் ஒரு படம், ஒரு மனிதர் உயிரிழந்த நிகழ்ச்சியோடு பிணைந்து கிடப்பதை நாம் மறைத்துப் பேசலாகாது.

ஜெவ்ஹெர் என்பவன் குடும்பப் பகைக்காகக் குருதிப் பணம் செலுத்தவேண்டியவன். செலுத்தாவிடில் பழிவாங்குவோர் தேடி வருவர். குடும்பத்தோடு பருத்தி பறிக்கச் சுக்குரோவாவுக்கு வருகிறான். பறிக்கும் பஞ்சின் எடைக்கே கூலி. கூலியை உயர்த்தக் கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்கின்றனர். ஜெவ்ஹெரோ நிறுத்த முடியாதவனாய்ப் பறித்துக்கொண்டேயிருக்கிறான். வேலைநிறுத்தத்தைப் பாடும் கலைஞர் பலர். அதனை முறிப்பவனின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தவர் மிகச் சிலரே. கருங்காலி என்று தூற்றிவிட்டுப் போவது எளிது. கோரென் அவ்வாறு செய்யவில்லை. அதே வேளையில், அவன் செய்வதனால் மற்றவர் கூலி குறைகிறது என்பதையும் மென்மைப்படுத்தவில்லை. ஒற்றுமையைக் குலைப்பது கோழைத்தனம் மட்டுமன்று, பழைய கடனுமாம் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொரு படத்தை நாம் அறியோம்.

இப்படம் காட்டும் உலகில் நில உடைமையாளனுக்கும் தொழிலாளிக்கும் இடையே ஒருவன் நிற்கிறான். அவன் பெயர் எல்ச்சி. ஆட்களைத் திரட்டி, முன்பணம் கொடுத்து, வயலுக்கு அழைத்து வந்து, அவர்கள் கூலியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்பவன். நம் கங்காணியை நினைத்தால் ஏறக்குறைய விளங்கும். எல்ச்சி என்பதன் நேர்ப்பொருள் தூதன். துருக்கி மொழித் திருமறையில் அப்போஸ்தலரைக் குறிக்கும் சொல்லும் இதுவே. அப்போஸ்தலர் நடபடிகள் அங்கே எல்ச்சிகளின் செயல்கள் என்றே வழங்குகிறது. பருத்தி வயலில் நிற்கும் ஒரு குர்துப் பெண்ணின் காதில் அந்நூற்பெயர் எவ்வாறு ஒலிக்கும் என்பது மொழிபெயர்ப்புப் பயிலும் மாணவர் எண்ணிப்பார்க்கத் தக்கது.

இவையெல்லாம் கடந்த காலத்துச் செய்தி என்று தள்ளிவிட முடியவில்லை. 2003-இல் இயற்றப்பட்ட 4857-ஆம் இலக்கத் துருக்கித் தொழிலாளர் சட்டம், 50 பேர் வரை வேலை செய்யும் வேளாண் பணியிடங்களைத் தன் காப்பிலிருந்து விலக்கி வைத்துள்ளது. பெரும்பாலான வயல்களும் தோட்டங்களும் அந்த வரம்புக்குள் அடங்கிவிடுகின்றன. உர்ஃபா, தியார்பகிர், அதியமான், மார்தின் முதலிய பகுதிகளினின்று குர்துக் குடும்பங்கள் பருவந்தோறும் பருத்திக்கும் காய்கறிக்கும், கருங்கடற்கரையின் ஹேசல் கொட்டைக்கும் புறப்படுகின்றன. வாய்க்கால் ஓரத்துக் கூடாரங்களில் தங்குகின்றனர். பிள்ளைகள் பள்ளியைப் பாதியில் விடுகின்றனர். நெரிசலான வண்டிகள் கவிழ்ந்து வழியிலேயே மாண்டோர் பலர். 2011-க்குப் பின் சிரிய அகதிகளும் இக்கூலிச் சந்தையில் சேர்ந்தனர். வறியவனுக்கு எதிராக அவனினும் வறியவனை நிறுத்தும் ஜெவ்ஹெரின் சிக்கல் அங்கே புதிய உருவம் கொண்டது.

'சூரூ' என்றால் மந்தை. வெய்சிகான் குலத்தார் தம் ஆடுகளை இரயிலேற்றி அங்காராவுக்குக் கொண்டுசெல்கின்றனர். கையூட்டுக் கேட்கும் பணியாளர், முன்பு பூச்சிமருந்து ஏற்றப்பட்ட பெட்டிக்குள் மடியும் ஆடுகள், குலப்பகை என எல்லாமாகச் சேர்ந்து, மந்தை தலைநகரை அடையும்போது மேய்ப்பர் என்னும் நிலையும் அவர்களிடமிருந்து போய்விடுகிறது. குர்து மக்களின் கதையாகிய இப்படத்தில் யாவரும் துருக்கியே பேசுகின்றனர். குர்து மொழியைப் பயன்படுத்தியிருந்தால் பங்கேற்ற அனைவரும் சிறை செல்ல நேர்ந்திருக்கும் எனக் கூனே பின்னாளில் விளக்கினார். அவ்விளக்கத்தை ஏற்கிறோம்.

ஏற்க இயலாதது வேறொன்று. ஷிவானின் மனைவி பெரிவான், பிறந்த குழந்தைகளை இழந்து, வாய் திறவாமல், அங்காராவில் இறக்கிறாள். அவளுடைய மௌனத்தை நாவடக்கப்பட்ட ஓர் இனத்தின் மௌனமென்று திறனாய்வாளர் விளக்குவர். அது பொருந்தும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்விளக்கத்தில் பெரிவான் காணாமற்போகிறாள். அவளைச் சபித்து அடிப்பவர் தணிக்கை அதிகாரியல்லர், மாமனார் ஹாமோ. 'எந்திஷே'யிலும் மகளின் திருமணம் தந்தையின் கடனைத் தீர்க்கும் கணக்கில் சேர்கிறது. கூனே இக்கொடுமைகளைக் கண்டார், கூர்மையாகவே கண்டார். எனினும் மூன்று படங்களிலும் கூலியைப் பற்றிய கேள்வியைக் கேட்கும் உரிமை ஆண்களுக்கே தரப்பட்டிருக்கிறது. பருத்தி வயலில் ஆணுக்கு நிகராய்ப் பறிக்கும் பெண்ணின் பஞ்சு, குடும்பத் தலைவனின் பெயரில் எடை போடப்பட்டு, பணமும் அவன் கையிலேயே விழுகிறது. அந்தத் தராசின் பக்கம் நின்று கேமரா ஒருமுறையேனும் அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம்.