கழுத்துவலிக்கான மீயொலி வழிகாட்டு ஊசிகள்: சான்றுகள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

நாட்பட்ட கழுத்துவலிக்கு ஊசி செலுத்தும் மருத்துவர்கள், ஊசிமுனை செல்லும் இடத்தைக் காண ஃப்ளூரோஸ்கோபி எனப்படும் எக்ஸ் கதிர்த் திரைக்காட்சியைப் பயன்படுத்தி வந்தனர். அவ்விடத்தை இன்று மீயொலிக் கருவி பெற்று வருகிறது. இதில் கதிர்வீச்சு இல்லை; நரம்பும் இரத்தக்குழாயும் திரையில் தெரிகின்றன. எனினும், ஊசி உரிய இடத்தை அடைந்தது என்பதும் அதனால் வலி தணிந்தது என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முன்னதற்கான சான்றைப் பின்னதற்கும் உரியதாகக் கொள்ளுதல் பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

துல்லியத்திற்கான சான்று

2013இல் ஃபின்லேசன் குழுவினர் 40 நோயாளிகளிடம் மூன்றாம் பிடரி நரம்பை மரக்கச் செய்யும் ஊசியை இரு முறைகளிலும் செலுத்தி ஒப்பிட்டனர். மீயொலி முறை ஃப்ளூரோஸ்கோபிக்கு ஈடான வெற்றியைக் குறைந்த நேரத்தில் அளித்தது. அதே ஆண்டில் ஜீ குழுவினர், கழுத்து நரம்புவேர் வலியுடைய 120 பேரிடம் ஸ்டீராய்டு ஊசியை ஒப்பிட்டனர். வலித்தணிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இவ்விரு ஆய்வுகளும் ஒரு வழிகாட்டு முறையை மற்றொன்றோடு ஒப்பிட்டனவேயன்றி, ஊசி பெற்றோரைப் போலி ஊசி பெற்றோரோடு ஒப்பிடவில்லை.

பயனுக்கான சான்று

ஃப்ளூரோஸ்கோபிக்கு ஈடானது என்பது, ஃப்ளூரோஸ்கோபி வழிச் சிகிச்சை பயனுடையதாயின் மட்டுமே மதிப்புப் பெறும். 1994இல் பார்ன்ஸ்லி குழுவினர், விபத்தில் கழுத்து அதிர்வுற்றதால் வலியுற்ற 41 பேரின் முள்ளெலும்புச் சிறுமூட்டுகளுள் ஸ்டீராய்டையோ மரப்பு மருந்தையோ செலுத்தினர். வலி முந்தைய அளவில் பாதிக்குத் திரும்ப எடுத்த இடைநிலைக் காலம் முறையே 3 நாள், 3.5 நாள். ஊசி இலக்கை அடைந்தும் ஸ்டீராய்டு கூடுதல் பயன் தரவில்லை. இம்முடிவு சிறுமூட்டு வலிக்குரியது. நரம்புவேர் வலிக்கு அப்படியே பொருத்துதல் முறையன்று.

போலிச் சிகிச்சையோடு ஒப்பிடுதல் இயலாது என்னும் வாதமும் நிற்பதில்லை. 1996இல் லார்ட் குழுவினர் 24 பேரிடம், சிறுமூட்டு நரம்பை ரேடியோ அதிர்வெண் வெப்பத்தால் செயலிழக்கச் செய்தலை, மின்முனையைச் சூடாக்காத போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டனர். வலி பாதியளவு திரும்ப முன்னவர்க்கு 263 நாளும் பின்னவர்க்கு 8 நாளும் ஆயின. மெய்யான பயன் இருப்பின் சிறிய ஆய்விலும் அது புலப்படக்கூடும் என்பதற்கு இது சான்று.

பாதுகாப்பு

முதுகுத்தண்டின் எபிடியூரல் வெளியில் ஸ்டீராய்டு செலுத்துவதால் பார்வையிழப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவை அரிதாக நேரலாம் என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரித்தது. இரத்தக்குழாயைக் காண இயல்வதால் மீயொலி இத்தீங்கைக் குறைக்கும் என எதிர்பார்க்க இடமுண்டு. ஆயினும், அரிய தீங்குகளை 40 பேர், 120 பேர் கொண்ட ஆய்வுகளால் அளவிட இயலாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வுகள் மீயொலியைத் தகுதியான வழிகாட்டியாக நிறுவுகின்றன; அது கொண்டுசேர்க்கும் மருந்தின் பயனை நிறுவவில்லை. இனி வரும் ஆய்வுகள் போலிச் சிகிச்சைப் பிரிவைக் கொண்டும், வலியோடு அன்றாட இயக்கத்தையும் மாதக்கணக்கில் அளந்தும் அமைதல் வேண்டும். அதுவரை, ஊசியின் துல்லியத்தை நோயாளியிடம் குணமடைதலுக்கான உறுதியாக எடுத்துரைப்பது சான்றின் எல்லையை மீறுவதாகும்.