ஏட்டில் பிழைத்த நெல்

முக்கூடற்பள்ளு நம் கைக்கு வந்து சேர்ந்தது வேளாண்மைக்காக அல்ல. நெல்லைச் சீமையில் தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் இடத்து அழகரைப் பாடிய நூல்; சந்தத்தையும் நகைச்சுவையையும் ரசித்தவர்கள் அதைப் பெயர்த்தெழுதிக் காத்தார்கள். அந்தப் புண்ணியத்தில் நெல் வகை, மாட்டு வகை, ஏர் உறுப்பு என்று ஒரு வயற்காடே கூடப் பிழைத்தது. சில தலைமுறைக்கு ஒருமுறை படியெடுக்காத ஓலை கரையானுக்குத்தான். ஆக, இலக்கியம் என்ற தகுதியே இங்கே காவல்.

கோளாறும் அந்தத் தகுதியில்தான். களத்துமேட்டில் தச்சனுக்கும் வெட்டியானுக்கும் கோயிலுக்கும் எவ்வளவு நெல் அளந்தார்கள் என்பதைப் பள்ளைவிடத் துல்லியமாகச் சொல்பவை ஊர்க்கணக்குகள். 1767 முதல் 1774 வரை ஆங்கிலேயப் பொறியாளர் பர்னார்டு நடத்திய செங்கற்பட்டுக் கணக்கெடுப்பு ஏறக்குறைய 2,000 ஊர்களைத் தொட்டது. அதையொட்டிய தமிழ் ஓலைகளில் ஆய்வாளர்களைத் தாண்டி யார் கண் வைத்தார்கள்? மாட்டுக்கு மருந்து சொல்லும் மாட்டு வாகடமோ செய்யுளாக இருந்தும் புலவர் அவையில் இடம் பெறவில்லை. அதை அச்சிட்டால் மட்டும் போதாது. பச்சிலைப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். எந்தச் செடி என்று உறுதிசெய்யாத பதிப்பை நம்பி மாட்டுக்கு மருந்து கொடுக்க முடியாது.

காத்த நூலையும் நாம் அரைகுறையாகவே வாசிக்கிறோம். மரபு விதை ஆர்வலர்கள் பள்ளின் நெல் வரிசையை எடுத்துக்கொள்கிறார்கள். அதே நூலில் பண்ணைக்காரன் பள்ளனைக் கால் பூட்டும் தொழுமரத்தில் மாட்டுவதைப் பேசுவோர் குறைவு. உழைத்தவன் வாயாகப் பாடியது புலவன். அடியும் வசவும் அங்கே வேடிக்கையாகிவிடுகின்றன. அதைச் சுட்டாத பதிப்பு அந்த வேடிக்கைக்குத் துணைபோகிறது. நெல்லுக்காவது நியாயம் செய்கிறோமா என்றால், பல உரைகளில் அருஞ்சொற்பொருள் ‘ஒருவகை நெல்’ என்பதோடு முடிகிறது. அது எவருக்கும் தெரிந்ததுதானே!

1964இல் வந்த நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ புலவரல்லாதார் குரலையும் நூலாக்கியது. 1982இல் கி. ராஜநாராயணன் தந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி இன்னொரு படி மேல். புழங்குகிறவர்கள் இருக்கும்போதே சொற்களைச் சேர்த்தது. சுவடிகளை மின்வருடி இணையத்தில் ஏற்றும் இன்றைய வேலை ஓலையின் ஆயுளைக் கூட்டுகிறது, சந்தேகமில்லை. ஆனால் ஏற்றுகிறவரின் அருகே பயிர் வகை அறிந்த ஒரு விவசாயியையும் மாட்டு வைத்தியம் தெரிந்த ஒருவரையும் உட்கார வைப்பதற்குச் செலவு அதிகமில்லை. அவர்களும் முதியவர்கள்; அவர்களிடம் கேட்டறியும் வேலையை முதலில் முடிக்க வேண்டும்.