மூன்றாம் திங்களுக்கு முன்

திருமுழுக்கு நாட்களில் நான் ஆற்றும் மறையுரைக்குப் பல ஆண்டுகளாக ஒரே வாய்பாடுதான். வள்ளுவரின் மக்கட்பேறு அதிகாரத்திலிருந்து இரண்டு குறள்களை எடுத்துக்கொள்வேன். பிள்ளைகளின் உடலைத் தொடுவது பெற்றோர் மேனிக்கு இன்பம் என்பது ஒன்று. தம் மக்களின் மழலையைக் கேளாதவரே குழலையும் யாழையும் புகழ்வர் என்பது மற்றொன்று. பெற்றோர் தலையசைப்பர், பாட்டிமார் கண்களைத் துடைத்துக்கொள்வர். சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று, அனைவரும் விருந்துக்குப் புறப்பட்ட பின், குழந்தையின் தாய் மட்டும் சற்றே பின்தங்கினார். தலைப்பிள்ளை, பிறந்து 40 நாட்கள் ஆகியிருந்தன.

"சாமி, நீங்க சொன்ன அந்த இன்பம் எனக்கு இன்னும் வரலை. ராத்திரியெல்லாம் அழுவுறான். எதுக்கு அழுவுறான்னு தெரியலை. நான் நல்ல அம்மா இல்லையோ?" என்றார்.

என்னிடம் விடை இல்லை. செபிக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அன்று மாலை நூல்களைப் புரட்டத் தொடங்கினேன்.

குழந்தையைப் பாடுவதில் தமிழ் எம்மொழிக்கும் இளைத்ததன்று. ஆனால் எந்தக் குழந்தையை? புறநானூற்றின் 188ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடைநம்பி காட்டும் பிள்ளை சிற்றடி வைத்து நடந்து வருகிறது. நெய்ச்சோற்றைத் துழாவி மேனியெங்கும் சிதறிக்கொள்கிறது. வள்ளுவரின் பிள்ளை கூழில் கைவிடுகிறது, மழலை மிழற்றுகிறது. பிள்ளைத்தமிழுக்கு வந்தால், மூன்றாம் திங்கள் முதல் 21ஆம் திங்கள் வரை பத்துப் பருவங்களை வகுக்கும் மரபு உண்டு. செங்கீரை ஆடும் குழந்தை, கைகொட்டும் குழந்தை, முத்தம் தரும் குழந்தை. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் படித்து மயங்காதார் யார்? நானும் மயங்குபவனே. ஆயினும் இரவெல்லாம் விழித்துக் களைத்த ஒரு தாயை அங்கே நான் கண்டதில்லை. காப்புப் பருவத்தின் அடியில் ஓர் அச்சம் இருப்பது மெய்தான். தெய்வங்களை வரிசைப்படுத்தி வேண்டும் முறைமை அதனை மூடிவிடுகிறது.

இப்பிள்ளைகள் யாவரும் பெற்றோருக்கு ஏதோ ஒன்றைத் திருப்பித் தருகிறவர்கள். பிறந்த பச்சிளங்குழந்தையோ எதையும் தருவதில்லை. முகம் பார்த்துச் சிரிக்க ஏறத்தாழ 6 வாரங்கள் ஆகும் என்பர் மருத்துவர். அதுவரை பாலும் அழுகையும் ஈரத்துணியும்தாம். நம் புலவர்கள் கைம்மாறு வந்த பிறகே பாடத் தொடங்குகிறார்கள். அதற்கு முந்திய நாட்களில் வாழும் ஒரு பெண், தன் நெஞ்சில் இன்பத்தைத் தேடிக் காணாமல், தான் குறையுள்ளவள் என்று எண்ணிக்கொள்கிறாள். இலக்கியத்தின் குறையை அவள் தன் குறையாகச் சுமக்கிறாள். என் மறையுரையும் அச்சுமையைக் கூட்டியது.

விதிவிலக்கை ஒரு வைணவ நூலில் கண்டேன். பெரியாழ்வார் திருமொழியின் முதல் பதிகம் கண்ணன் பிறந்த நாளின் ஆரவாரத்தைப் பாடுகிறது: ஆயர் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், முற்றமெல்லாம் எண்ணெயும் மஞ்சளும் சேறாகிறது. பன்னிரண்டாம் நாள் விழாவைச் சொன்ன கையோடு பாடல் சட்டென்று தாழ்ந்த குரலுக்கு வருகிறது. தாய் இன்னொரு பெண்ணிடம் முறையிடுகிறாள். தொட்டிலில் கிடத்தினால் அது கிழியும்படி உதைக்கிறான். எடுத்துக்கொண்டால் இடுப்பை ஒடிக்கிறான். இறுக அணைத்தால் வயிற்றில் பாய்கிறான். வலுவில்லாமையால் நான் மெலிந்துபோனேன் என்கிறாள்.

குறை கூறும் இம்மூன்று அடிகளையும் உற்று நோக்குங்கள். கிடத்தினாள், எடுத்தாள், அணைத்தாள். ஒன்று பயன்படவில்லையெனில் அடுத்தது. முறையீட்டுக்குள்ளேயே அவள் உழைப்பு முழுவதும் இருக்கிறது. 'அன்பு' என்ற சொல்தான் இல்லை. மேலும், வலுவில்லாமை யாருக்கு? தாய்க்கா, அத்தனை ஆட்டத்தைத் தாங்காத பிள்ளைக்கா? பாடல் சொல்லவில்லை, இரண்டாகவும் படிக்க இடமுண்டு. தன் களைப்பையும் பிள்ளையைப் பற்றிய அச்சத்தையும் அவளாலேயே பிரித்துச் சொல்ல இயலவில்லை என்றே நான் கொள்கிறேன். பச்சை உடம்புக்காரியின் அன்பை இதைவிட உண்மையாகச் சொன்ன வரியை நான் படித்ததில்லை.

பின்வந்த பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் பெரியாழ்வாரிடமிருந்து சப்பாணியை எடுத்துக்கொண்டார்கள், அம்புலியை எடுத்துக்கொண்டார்கள். இந்த மெலிந்த தாயை விட்டுவிட்டார்கள். அவளைக் காத்துவந்தவர்கள் எழுதப்படிக்கத் தெரியாத நம் கிராமத்துப் பெண்கள். யார் அடித்து நீ அழுகிறாய் என்று அத்தையையும் மாமனையும் வரிசையாகக் கேட்டுச் செல்லும் தாலாட்டில், அழுகையின் காரணம் அறியாத அதே திகைப்புத்தானே பாட்டாகியிருக்கிறது? அதனை வெறும் உறவுமுறை விளையாட்டு என்று விளக்குவோர் நள்ளிரவில் பிள்ளை தூக்கியவர்களாக இருக்கமாட்டார்கள். (நானும் தூக்கியதில்லை, ஒப்புக்கொள்கிறேன்.)

சில வாரங்கள் கழித்து அப்பெண் பூசை முடிந்து வந்தபோது, இப்பாடலின் பொருளைச் சொன்னேன். சிரித்தார். பிறகு, "இதை எழுதினது ஒரு அம்மாவா, சாமி?" என்று கேட்டார்.

"இல்லையம்மா, ஆண்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பூந்தோட்டம் வைத்திருந்தவர். துளசிச் செடியருகே கண்டெடுத்த பெண்குழந்தை ஒன்றை வளர்த்தார் என்பார்கள்" என்றேன்.

குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டே, "அப்போ அவரும் ராத்திரி தூங்கியிருக்க மாட்டார்" என்றார்.