மான் திரும்பி வரும் இடம்

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் சிறுவருக்குச் சொல்ல மிக ஏற்றது. ஆனால் உரைநடையில் சுருக்கித் தருவோர் கையில் அது படும் பாடு! வேடன் பிடித்தான், நபி (ஸல்) அவர்கள் பிணை நின்றார்கள், மான் கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பியது. கடைசியில் 'வாக்குத் தவறாதே' என்று ஒரு வரி. புலவர் அப்படியா அவசரப்பட்டார்? தப்பிய மான் தன் இனத்தோடு நின்று கதைக்கிறது. போகாதே என்று அவை மறிக்கின்றன. போனால் சாவு, போகாவிட்டால் பிணை நின்றவருக்குக் கொடுத்த சொல் பொய். வகுப்பில் பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் கேட்கிறது இந்த இடத்தைத்தான். இதை வெட்டிவிட்டால் மான் திரும்புவது ஒரு விசயமாகவே தெரியாது. அருஞ்சொற்களை விடுங்கள், வருணனையைக் குறையுங்கள், பரவாயில்லை. கன்றும் தாயோடு புறப்பட்டு வருகிறதே, அதுக்குப் பிறகும் நீதிக்கருத்து எழுதுவானேன்?