மசாச்சோவின் 'திரித்துவம்': எப்படி ரசிப்பது?

பிளாரன்ஸ் நகரில் டொமினிக்கன் துறவிகளின் சாந்தா மரியா நொவெல்லா ஆலயத்தில், இடப்பக்கச் சுவரில் இருக்கிறது ஓவியர் மசாச்சோவின் 'திரித்துவம்'. 1427-ஐ ஒட்டி, ஈரச் சுண்ணப்பூச்சின் மேல் வரையப்பட்டது. உயரம் ஏறக்குறைய 6.7 மீட்டர். தந்தை, மகன், தூய ஆவி என மூவராயினும் கடவுள் ஒருவரே என்ற கிறிஸ்தவக் கோட்பாடே இதன் பொருள்.

முதலில் ஓவியத்துக்கு நேர் எதிரே, சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். சுவரைக் குடைந்து ஒரு சிற்றாலயம் கட்டியதுபோல் தோன்றும். வளைவுக் கூரையின் கட்டங்கள் உள்ளே போகப்போகச் சிறுக்கின்றன. அவற்றின் கோடுகளை நீட்டினால் சிலுவையின் அடியில், பார்ப்பவரின் கண்மட்டத்தை ஒட்டி, ஒரே புள்ளியில் சேரும். கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி அப்போதுதான் செய்துகாட்டியிருந்த கணித முறை இது.

பார்வை கீழிருந்து மேலே ஏற வேண்டும். அடியில் ஒரு கல்லறை, அதன்மேல் எலும்புக்கூடு. தானும் ஒருகாலத்தில் உயிரோடு இருந்ததையும், பார்ப்பவருக்கும் இந்நிலையே வரும் என்பதையும் அது சொல்வதாக மேலே எழுதியிருக்கிறது. வாசகம் லத்தீனில் இல்லை, மக்கள் பேசிய இத்தாலியத்தில் இருக்கிறது. இயேசு சிலுவையில் அறையப்பட்ட கொல்கொதா மலையின் அடியில் ஆதாம் புதைக்கப்பட்டான் என்ற மரபை வைத்து, இதை ஆதாமாகக் கொள்வோரும் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் ஓவியரும் கட்டடக் கலைஞருமான வசாரி எழுப்பிய பீடம் ஓவியத்தை மறைத்தது. இடையில் பிரிந்துபோன கல்லறைப் பகுதி மேற்பகுதியோடு மீண்டும் சேர்ந்தது 1952இல்தான்.

கல்லறைக்கு மேலே, சிற்றாலயத்துக்கு வெளியே, ஓவியத்துக்குப் பொருளளித்த கணவனும் மனைவியும் மண்டியிட்டிருக்கிறார்கள். உள்ளே மகனாகிய இயேசு அறையப்பட்ட சிலுவையின் இருபுறமும் அவர் தாய் மரியாவும் சீடர் யோவானும். மரியா மகனை ஏறிட்டுப் பார்க்கவில்லை; பார்ப்பவரை நோக்கியபடி கையால் மகனைச் சுட்டுகிறார். மண்ணில் நிற்பவருக்கும் சிலுவைக்கும் இடையே பரிந்து பேசுபவர் அவர் என்ற நம்பிக்கை அந்தக் கைவீச்சில் இருக்கிறது.

உச்சியில் தந்தை சிலுவையைத் தாங்கி நிற்கிறார். மகனின் பலியை அவர் ஏற்றுக்கொள்கிறார் என்பது அதன் பொருள். அவர் கழுத்தருகே வெண்பட்டைபோலத் தெரிவது தூய ஆவியாகிய புறா. அவசரத்தில் பார்த்தால் உடையின் கழுத்துப்பட்டை என்றே நினைக்கத் தோன்றும்.

கடைசியாகத் தந்தையின் உருவத்தைக் கூரையோடு ஒப்பிட வேண்டும். கூரை கீழிருந்து அண்ணாந்து பார்ப்பதுபோல் வரையப்பட்டிருக்கிறது. அவரோ நேருக்கு நேர் தெரிகிறார். பாதங்கள் பின்சுவரை ஒட்டிய திண்ணையில் இருக்க, கைகள் முன்னே உள்ள சிலுவையைப் பற்றியிருக்கின்றன. கட்டடத்துக்குள் எல்லாவற்றையும் அளந்து வைத்த கணிதம் அவரிடம் மட்டும் செல்லுபடியாகவில்லை. இடமும் அளவும் படைக்கப்பட்டவற்றுக்கே உரியவை, படைத்தவர் அவற்றில் அடங்கமாட்டார் என்ற இறையியல் கருத்தோடு இது பொருந்துகிறது.